இணை விண்ணப்பதாரர் வீட்டில் இருக்கிறாரா?

வீட்டுக் கடன் கேட்டு மனுப் போட்டவர்கள் எழுதிக் கொடுத்ததெல்லாம் நிஜம்தானா என்று அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்த்து வருவது என் வேலை. சுருக்கமாகச் சொன்னால், அவர்கள் கொடுக்கும் காபியைக் குடித்துக்கொண்டே அவர்களைச் சந்தேகப்படுவது.

தஞ்சாவூரில் இருக்கும் எங்கள் சின்ன ஏஜென்சி, சில வங்கிகளுக்கு இந்த விசாரிப்பு வேலையைச் செய்து கொடுக்கிறது. நானும் என் ஸ்கூட்டியும் பதினான்கு வருஷமாக அதில் ஓடிக்கொண்டிருக்கிறோம். மனுவில் பொய் இருந்தால், அது பல சமயம் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரில் ஒருவருக்குத் தெரியாமல்தான் இருக்கும். வம்பு வந்த பிறகு போலீஸோ வங்கியோ முதலில் வந்து நிற்பதும் அந்தத் தெரியாதவர் எதிரில்தான். "இங்க, இங்க, அப்புறம் கடைசிப் பக்கத்துல" என்று பென்சிலில் டிக் போட்ட இடமெல்லாம் கையெழுத்துப் போட்டு விரல் மரத்துப் போனவர்களே, நீங்கள் எல்லாரும் என் ஆட்கள். மற்றவர்கள் பட்டதையும் கொஞ்சம் கேளுங்கள். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

மாம்பழக் கலர் புடவை

பூதலூர் பக்கம் ஒரு கிராமம். வீடு வள்ளி என்பவர் பெயரில் இருந்தது. அவருடைய அப்பா எழுதிக் கொடுத்த வீடு. அதை அடமானம் வைத்துக் கடன் கேட்டு வள்ளியும் அவர் கணவரும் வங்கிக்கு நேரில் வந்து கையெழுத்துப் போட்டதாக மனுவில் இருந்தது. நான் போனபோது ஒரு அம்மா வாசலில் நெல்லைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். "வள்ளி அம்மாவைப் பார்க்கணுங்க" என்றேன். "நான்தாங்க, சொல்லுங்க" என்றார். மனுவில் ஒட்டியிருந்த போட்டோவைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன். மறுபடியும் போட்டோவைப் பார்த்தேன். போட்டோவில் இருந்தவர் உயரமாக, ஒல்லியாக, மாம்பழக் கலர் பட்டுப் புடவையில் சிரித்துக்கொண்டிருந்தார். எதிரில் நின்றவரோ என் தோள் உயரம்தான்.

எங்கள் வேலையில் இந்த மாதிரி நேரத்தில் வாயைத் திறக்காமல் திரும்பி வந்து அறிக்கை எழுதலாம். எனக்கு மனசு கேட்கவில்லை. போட்டோவைக் காட்டினேன். வள்ளி கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். "இது எங்க வீட்டுக்காரரோட பெரியம்மா பொண்ணு. இவ எதுக்கு எம்பேருல இருக்கா?" என்றார். கதை வெளியே வந்தது. கணவர் கூட்டாளியோடு சேர்ந்து அறுவடை மெஷின் வாங்க ஆசைப்பட்டிருக்கிறார். கேட்டால் மனைவி வீட்டைத் தர மாட்டார் என்று, அக்கா முறையுள்ளவரை மனைவியாக்கி வங்கிக்குக் கூட்டிப் போயிருக்கிறார்.

எங்கள் ஏஜென்சிக்கு யோசனை சொல்லும் வக்கீல் மங்களம் மேடத்துக்கு அங்கிருந்தே போன் போட்டுக் கொடுத்தேன். மங்களம் மேடம் ஸ்பீக்கரில் நிதானமாகச் சொன்னார்: "போடாத கையெழுத்து உங்களக் கட்டுப்படுத்தாதும்மா. ஆனா தெரிஞ்ச பிறகு சும்மா இருந்தீங்கன்னா, சம்மதிச்சுத்தான் சும்மா இருந்தீங்கன்னு நாளைக்குப் பேசுவாங்க. இன்னைக்கே வங்கிக்கு எழுதிக் கொடுங்க. உங்க பேருல நடிச்சவங்க, கூட்டிட்டுப் போனவரு ரெண்டு பேர் மேலயும் கேஸ் வரும்." வள்ளி அப்போதே நோட்டைக் கிழித்து எழுதிக் கொடுத்தார். கடன் அன்றே நின்றது. நான் வண்டியை எடுக்கும்போது பின்னாலேயே ஓடி வந்தார். வீட்டைக் காப்பாற்றியதற்கு நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்து நின்றேன்.

"மேடம், வீடு கெடக்குது விடுங்க, அந்தப் புடவை என்னோடது, அத அவ எப்ப எடுத்துட்டுப் போனான்னு கேட்டுச் சொல்ல முடியுமா?"

நீல டப்பா

ஒரத்தநாட்டில் ஒரு தம்பதி. மனுவில் கட்டி முடித்த மாடி வீடு என்று இருந்தது. போனேன். அருமையான வீடு. கணவர் சோபாவில் உட்காரச் சொன்னார். ஃபேன் போட எழுந்தார். முதல் சுவிட்சுக்கு டியூப்லைட் எரிந்தது. இரண்டாவதுக்கு வாசல் விளக்கு. மூன்றாவதுக்கு எங்கோ மோட்டார் ஓட ஆரம்பித்தது. "புது வயரிங் மேடம்" என்று சிரித்தார். மனைவி காபி போடப் போனார். அடுப்படியில் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மூடும் சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. ஐந்து நிமிஷம் பொறுத்துப் பார்த்த யாரோ ஒருவர், கொல்லைப்புற ஜன்னல் வழியே பொறுக்க முடியாமல் குரல் கொடுத்தார்: "சக்கரை மேல் தட்டுல நீல டப்பாடி!"

அது அடுத்த வீட்டுக்காரர் வீடு. இவர்களுடைய வீடு பக்கத்திலேயே, கூரை போடாமல் லிண்டல் மட்டத்தோடு நின்றுபோன வீடு. கட்டி முடித்ததாகக் காட்டினால் அதிகக் கடன் கிடைக்கும், அதை வைத்து முடித்துவிடலாம் என்று யோசனை. மனைவி அழுதுவிட்டார். "அவரு சொன்னாரு, நான் செஞ்சேன், எனக்கு என்ன தெரியும்?" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்: "புருஷன் சொன்னாருங்கறது சட்டத்துல ஒரு பதிலே இல்லம்மா. தெரியாமக் கையெழுத்துப் போட்டா ஒரு மாதிரி. இது அடுத்த வீடுன்னு தெரிஞ்சு நீங்க எனக்குக் காபி போட்டீங்க பாருங்க, அப்ப நீங்களும் அவரும் ஒண்ணுதான்." இருவரும் மனுவை அவர்களாகவே திரும்பப் பெற்றார்கள். அடுத்த மாதம் பாதி கட்டிய வீட்டைப் பாதி கட்டிய வீடு என்றே எழுதி, புதிதாக மனுப் போட்டார்கள். வேலை முடிய முடியத் தவணை தவணையாகக் கொடுக்கும் கடன் கிடைத்தது. அதற்காக நான் மறுபடி போனபோது, பக்கத்து வீட்டு அம்மாவும் மதில் மேல் சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்துச் சொன்னார்:

"இனிமே எங்க வீட்ட காட்டறதா இருந்தா முத நாளே வந்து டப்பாவெல்லாம் பாத்துட்டுப் போ, எனக்கு மானம் போவுது."

பதினொண்ணாம் பக்கம்

செல்வி என்பவரின் கையெழுத்து சரியில்லை என்று வங்கியிலிருந்து ஒரு ஃபைலைத் திருப்பி அனுப்பினார்கள். பார்த்தால், முதல் பத்துப் பக்கம் "ம. செல்வி". பதினொன்றாம் பக்கத்திலிருந்து "கோ. செல்வி". மனைவிக்குப் பதில் வேறு யாரோ போட்டிருக்கிறார்கள் என்று மேனேஜருக்குச் சந்தேகம். மாம்பழக் கலர் புடவைக்குப் பிறகு எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கணவர் மணிவண்ணன் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனேன்.

செல்வி ஒரு வெள்ளைத் தாளில் ஆறு தரம் கையெழுத்துப் போட்டுக் காட்டினார். மூன்று "ம", மூன்று "கோ". எல்லாம் ஒரே கைதான். "ஏம்மா நடுவுல இனிஷியல் மாறுது?" என்றேன். ம என்றால் மணிவண்ணன். கோ என்றால் அப்பா கோவிந்தராசு. ஃபைலை வாங்கிப் புரட்டினார். அந்தப் பக்கம் வந்ததும் முகம் சிவந்துவிட்டது. இரண்டு பெயரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டுதான் வங்கி சமாதானமானது. அறிக்கையில் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் அவர் சொன்னதை அப்படியே எழுதினேன்:

"அந்தப் பக்கத்துக்கிட்டதான் மேடம் அவரு எங்க அண்ணனப் பத்தி ஒரு வார்த்த சொன்னாரு."

லேபிள்

இந்த ஒன்றை மட்டும் சிரிக்காமல் ஆரம்பிக்க வேண்டும். குடவாசல் பக்கத்தில் ஒரு செவிலியர். தமிழரசி என்று வைத்துக்கொள்வோம். வயல் வேலைக்குப் போன குடும்பத்தில் முதல் அரசாங்கச் சம்பளம் அவருடையது. அந்தத் தெருவில் முதல் காங்கிரீட் வீடும் அவர்களுடையதுதான், அவர் பெயரும் கணவர் பெயரும் சேர்ந்து. கடன் தவணை கட்டாமல் நின்றுபோய், வங்கி ஃபைலைத் தோண்டியபோது, கணவர் கொடுத்த சம்பளச் சான்று போலி என்று தெரிந்தது. அந்தப் பெயரில் ஒரு கம்பெனியே கிடையாது. வங்கி போலீஸில் புகார் கொடுத்தது. கணவர் செல்போனை அணைத்துவிட்டு ஊரைவிட்டுப் போய்விட்டார். மறுவிசாரிப்புக்கு நான் போனேன். தமிழரசி யூனிஃபார்மோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். நான் கேட்பதற்கு முன்பே இரண்டு கையையும் நீட்டினார். விலங்கு போட வந்தவள் என்று நினைத்துவிட்டார்.

நான் வங்கிக்காகப் போனவள். ஆனாலும் கோர்ட்டில் இலவச சட்ட உதவி மையம் இருக்கிறது என்று சொல்வதற்கு யார் தடை? மறுநாளே போனார். அங்கே ஒரு வக்கீல் அவர் கேஸை எடுத்துக்கொண்டு, விஷயத்தை இரண்டாகப் பிரித்து வைத்தார். ஒன்று கடன். அதில் இணை விண்ணப்பதாரர் என்று கையெழுத்துப் போட்டிருப்பதால், புருஷன் ஓடிப்போனாலும் முழுக் கடனுக்கும் அவர் பொறுப்பு. பாதிதான் என்னுடையது என்று சொல்ல முடியாது. இன்னொன்று குற்றம். பெண்டாட்டி என்பதாலோ, பக்கத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார் என்பதாலோ மட்டும் அவர் குற்றவாளி ஆகிவிட மாட்டார். அந்தச் சான்று போலி என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். போலிச் சான்றில் இருந்தது கணவர் கையெழுத்து மட்டும். இவர் கொடுத்த சம்பளச் சீட்டு அத்தனையும் அசல். விசாரணை முடிந்து, போலீஸ் அவரைக் குற்றவாளிப் பட்டியலில் சேர்க்காமல் சாட்சியாகச் சேர்த்தது.

கடனைத் தவணை நீட்டித் தன் சம்பளத்திலேயே ஓட்டிக்கொள்கிறேன் என்று வங்கியில் பேசி முடித்தார். மாடியை வாடகைக்கு விட்டார். கணவர் ஒரு வருஷம் கழித்துத் திரும்பி வந்து, கோர்ட்டில் ஆஜராகி ஜாமீனில் இருக்கிறார். அவரை வீட்டுக்குள் விட்டாரா இல்லையா என்று நான் கேட்கவில்லை, அது என் ஃபாரத்தில் இல்லாத கேள்வி. போன தையில் அந்தப் பக்கம் போனபோது வீட்டுக்குப் புதுப் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தது. கேட்டிலேயே நிறுத்தி, உள்ளே இழுத்துக்கொண்டு போய்ப் பொங்கல் கொடுத்தார். வாயெல்லாம் சிரிப்பு. அப்போது சொன்னார்:

"ஊசி போடறதுக்கு முன்னாடி மருந்து லேபிள மூணு தடவ படிக்கிறவ மேடம் நான், அன்னைக்கு அத்தனை பக்கத்துல ஒண்ணுகூடப் படிக்கல பாருங்க."

செவ்வாய்க்கிழமை வந்தவர்

கடலோரம் ஒரு ஊர். கமருன்னிசா என்ற அம்மாவும் அவர் கணவரும் சேர்ந்து வாங்கிய வீடு. இரண்டு பேரும் ஒரு செவ்வாய்க்கிழமை வங்கிக்கு வந்து கடன் மனுவில் கையெழுத்துப் போட்டதாக ஃபைல் எங்களிடம் வந்தது. நான் போய் விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மா, "நான் செவ்வாய்க்கிழம பூரா மாவு அரைச்சுக்கிட்டு இருந்தேன். அவங்க ஷார்ஜாவுல இருக்காங்க, ரெண்டு வருஷமாச்சு" என்றார். முன்பு பட்டா பெயர் மாற்றத்துக்காக ஒரு புரோக்கரிடம் பத்திர நகல், ஆதார் நகல், போட்டோ எல்லாம் கொடுத்திருக்கிறார்கள். அவர் அதை வைத்து இரண்டு ஆட்களைப் பிடித்து, புருஷன் பெண்டாட்டி வேஷம் போட வைத்திருக்கிறார். அசல் பத்திரம் அவர் கையில் இல்லாததால் கதை மனுவோடு நின்றது.

புகார் எழுத உட்கார்ந்தோம். அம்மா தன் கையெழுத்தைப் போட்டார். அதே வேகத்தில் கீழே கணவர் கையெழுத்தையும் போடப் போனார். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டேன். "என்னம்மா பண்றீங்க?" "அவங்க கையெழுத்து எனக்கு அத்துப்படி மேடம். கேஸ் சிலிண்டருக்கு, ஸ்கூலுக்கு எல்லாம் நாந்தான் போடுவேன்." கள்ளக் கையெழுத்துக்கு எதிரான புகாரிலேயே ஒரு கள்ளக் கையெழுத்து! புருஷனே சந்தோஷமாகச் சம்மதித்தாலும் அவர் பெயரில் மனைவி போடக்கூடாது, முறையாக அதிகாரப் பத்திரம் எழுதி வாங்க வேண்டும் என்று சொல்லிப் புரியவைத்தேன். கணவர் அங்கேயே புகார் எழுதி, தூதரகம் மூலமாக அனுப்பினார். அவருடைய பாஸ்போர்ட்டே சாட்சி. அந்த வருஷம் அவர் இந்தியாவுக்கு வந்த முத்திரையே இல்லை. ஸ்டேஷனில் விசாரித்தபோது புரோக்கர் அப்போதும் விடாமல், "அவரு நேர்ல வந்துதான் சார் போட்டாரு, என் கண்ணால பாத்தேன்" என்று சாதித்தாராம். கமருன்னிசா இன்ஸ்பெக்டரிடம் சொன்னதை என்னிடம் அவரே சொல்லிக் காட்டினார்:

"அவங்க ஊருக்கு வந்துட்டு எங்கிட்ட வராமப் போயிருந்தா, அது வேற கேஸு சார், அத முதல்ல எழுதுங்க!"

என் வீடு

ஊர் வீட்டையெல்லாம் விசாரித்தவள் வீட்டுக்கும் ஒருநாள் விசாரிப்பு வந்தது. நானும் என் கணவரும் சேர்ந்து வீட்டுக் கடனுக்கு மனுப் போட்டோம். அவர் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். வாய்க்காலில் தண்ணீர் வராத மாதங்களில் ஊரெல்லாம் ராப்பகலாக பம்ப்செட் ஓடி, எரிந்து, அவர் கடை வாசலில் வரிசையில் நிற்கும். தண்ணீர் வந்துவிட்டால் அவர் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். மனுவில் பார்த்தால் மோட்டார் எரிந்த மாதத்து வருமானத்தைப் பன்னிரண்டு மாதத்துக்கும் எழுதி வைத்திருந்தார். "என்னங்க இது?" என்றேன். "எல்லாரும் போடறதுதான். நீ கையெழுத்துப் போடு" என்றார். அந்த வாக்கியத்தை நான் எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. பேனாவை மூடி வைத்தேன். "இது பொய்யின்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சு போட்டா ரெண்டு பேரும் சேர்ந்துதான் கோர்ட்டுக்குப் போவணும். தனித்தனி ஆட்டோகூடக் கிடையாது" என்றேன். சாயங்காலம் அவரே கடை பில் புத்தகங்களைத் தூக்கி வந்து, சராசரி போட்டு, வேறு ஃபாரம் நிரப்பினார்.

எங்கள் ஏஜென்சியிலிருந்தே கூட வேலை பார்ப்பவரை அனுப்பக் கூடாது என்று, வேறு ஏஜென்சிக்காரர் ஒருவர் வந்தார். காபி கொடுத்தேன். அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். முறைப்படி பக்கத்து வீட்டில் விசாரித்தார். பக்கத்து வீட்டு அம்மா, "நல்ல மாதிரிதான் சார், ஆனா அடுத்த வீட்டு விஷயமெல்லாம் விசாரிக்கிற பழக்கம் மட்டும் உண்டு" என்று சொல்லிவிட்டார். கடன் கிடைத்தது, முதலில் கேட்டதைவிடக் குறைச்சலாக. பிளானில் இருந்த பால்கனியை அடித்துவிட்டு அந்த இடத்தில் பெரிய ஜன்னல் வைத்தோம். பால்கனிக்காகவே வீடு கட்டும் ஆசையில் இருந்தவர் அவர். குடி போன அன்று, அந்த ஜன்னல் திண்டில் இரண்டு பேரும் ஒடுங்கி உட்கார்ந்தோம். வெளியே புது ஆற்றுக் கால்வாயில் தண்ணீர் நிறைய ஓடியது. அதாவது, அவர் கடையில் வேலை இல்லை. என் தோளில் இடித்துக்கொண்டு சொன்னார்:

"பால்கனி இருந்திருந்தா நீ அந்தக் கோடியில ஒக்காந்திருப்ப, நான் இந்தக் கோடியில ஒக்காந்திருப்பேன், இதுவே நல்லாருக்கு போ."

புருஷன் பெண்டாட்டிக்குள் ஒளிவு மறைவு கூடாது என்று கல்யாணத்தில் எல்லாரும் சொல்லி அனுப்பியது அன்பை நினைத்துத்தான் என்று நான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். அதில் பாதி, பின்னால் வரப்போகும் வக்கீல் நோட்டீஸை நினைத்துச் சொன்னதாகவும் இருக்கலாம்.